வலது முட்டிக்கு மட்டும்

மார்ச் 3

அண்ணி அவர்களுக்கு,

எழுதிப் பழக்கம் விட்டுப்போனதால் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தார். உங்கள் முழங்காலுக்கு ஜெல் ஊசி போட டாக்டர் எழுதிக் கொடுத்தாராம், மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி பணம் தர முடியாது என்று சொல்லிவிட்டதாம். "நீ அந்த மாதிரி ஆபீஸ்லதானே ஆயுசு பூரா உட்கார்ந்திருந்தே, என்னன்னு பாரேன்" என்றார். நான் இருந்தது வேறு கம்பெனி. அதிலும் ஓய்வு பெற்றாயிற்று. ஆனாலும் மறுக்கிறவர்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் மறுப்பார்கள்.

மறுப்புக் கடிதம், எக்ஸ்ரே அறிக்கை, பாலிசிப் புத்தகம், டாக்டர் ஒவ்வொரு முறையும் எழுதிவைத்த குறிப்பு, எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துத் தபாலில் அனுப்புங்கள். குறிப்பு கேட்டால் ஆஸ்பத்திரியில் கொடுத்தாக வேண்டும். மேல்முறையீடு செய்ய ஆகஸ்ட் வரை நேரம் இருக்கிறது.

போனிலேயே பேசிவிடலாமே என்று அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன். போனில் கேட்டால் நீங்கள் "நல்லா இருக்கேன்" என்று சொல்லி அவர் கையில் கொடுத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் அப்படி ஒரு வரியில் முடிக்க உங்களுக்கு மனசு வராது. மீதித் தாள் வீணாகுமே.

ஆறு வருஷம் நாம் பேசாமல் இருந்ததை இதில் கலக்க வேண்டாம். இது முழங்கால் விஷயம் மட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


மார்ச் 11

அன்புள்ள ரேடியோவுக்கு,

கடவுள் அருளால் நாங்கள் இருவரும் நலம். உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணி அவர்களுக்கு" என்று போட்டிருக்கிறாய். மின்சார ஆபீஸிலிருந்து வந்த மாதிரி இருந்தது. போகட்டும், நான் உன்னை ரேடியோ என்றுதான் எழுதுவேன். கோபத்துக்குத் தகுந்தபடி பெயரை மாற்ற எனக்குத் தெரியாது.

நீ கேட்ட தாள்களைத் தேதிவாரியாக அடுக்கி இத்துடன் வைத்திருக்கிறேன். உன் அண்ணன் ஆஸ்பத்திரியில் போய் நகல் கேட்டபோது அங்கிருந்த பெண், "எதுக்கு சார், கேஸ் போடப் போறீங்களா?" என்றாளாம். இவர் பயந்துபோய், "இல்லம்மா, என் தங்கச்சி கேட்டா" என்றாராம். "அப்ப கேஸே பரவாயில்லை போலிருக்கே" என்று அவள் சிரித்தாளாம். வீடு வரும் வரை இவரும் சிரித்துக்கொண்டே வந்தார்.

முட்டி பரவாயில்லை. உள்ளே இருக்கிற வழுவழுப்பு வற்றிவிட்டது, அந்த இடத்தில் கெட்டியான ஜெல்லை ஊசியில் ஏற்றினால் உரசல் குறையும் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு நம் தையல் மிஷின்தான் ஞாபகம் வந்தது. மிதி கிறீச்சிட ஆரம்பித்தால் நீ எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு அடியில் தவழ்ந்து போவாய். "அண்ணி, மிதிச்சுடாதீங்க, என் விரல் உள்ள இருக்கு" என்று அங்கிருந்தும் பேச்சு ஓயாது. பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குத் தொடர்கதை வாசிப்பாய். கதையில் பரபரப்பு வந்தால் என் கால் தானாக வேகம் பிடிக்கும். பக்கத்து வீட்டம்மாவின் சட்டையில் தையல் கோணலாக ஓடியிருந்தால், அந்த வாரம் கதையில் யாரோ வீட்டை விட்டு ஓடிப்போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"அந்த ரேடியோவை யாராவது நிறுத்துங்களேன்" என்று அத்தை சமையலறையிலிருந்து கத்துவார். அப்படித்தானே உனக்கு அந்தப் பெயர் வந்தது. நீ பள்ளிக்கூடம் போன பிறகு அதே பத்திரிகையை எடுத்துவைத்துக்கொண்டு, காதில் கேட்ட வரிகளை விரலால் தேடித் தேடித்தான் நான் தடங்கல் இல்லாமல் வாசிக்கப் பழகினேன். இது உனக்குத் தெரியுமோ என்னவோ.

கம்பெனிக்காரர்கள் தராவிட்டால் போகட்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்தச் சுமையை உன் தலையில் வைத்ததற்காக உன் அண்ணனைக் கோபித்துக்கொண்டேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 19

அண்ணிக்கு,

"அவர்களுக்கு" என்பதை எடுத்துவிட்டேன். திருப்திதானே?

தாள்களை முழுக்கப் படித்தேன். படித்து முடித்ததும் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அழுகை இல்லை, ஆத்திரம்.

எக்ஸ்ரேயில் ஒரு சந்தேகமும் இல்லை. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம், வலதில் அதிகம். அதற்கு அடுத்து டாக்டரின் குறிப்பு வருகிறது. முதல் தடவை: "நலமாக இருப்பதாகக் கூறுகிறார்." அடுத்த தடவை: "கடவுள் அருளால் குறை ஒன்றும் இல்லை என்கிறார்." பாவம், நீங்கள் சொன்னதை ஒரு சொல் விடாமல் தட்டியிருக்கிறார். அதற்கும் அடுத்து: "நலம். நடமாட்டத்தில் சிரமம் எதுவும் தெரிவிக்கவில்லை." அதற்குக் கீழேயே ஜெல் ஊசிக்குப் பரிந்துரை! அந்த மேசையில் நான் உட்கார்ந்திருந்தால் நானே மறுத்திருப்பேன் அண்ணி. சௌக்கியமாக இருக்கிறவளுக்கு எதற்கு ஊசி?

பிசியோதெரபித் தாள் இன்னும் அழகு. "மூன்று முறை வந்தார். முழுவதும் குணமாகிவிட்டதாகச் சொல்லி நின்றுகொண்டார்." இது என்ன கதை என்று அண்ணனுக்குப் போன் போட்டேன். "அங்க ஒரு பெரியவர் இடம் கிடைக்காம காத்துக்கிட்டிருந்தாராம். அவருக்கு விட்டுக்கொடுத்துட்டு வந்துட்டா" என்கிறார். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிற மாதிரி சிகிச்சையை எழுந்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

அவர்கள் விதி இதுதான். முதலில் மாத்திரை, பிசியோதெரபி எல்லாவற்றையும் முறையாகப் பார்த்திருக்க வேண்டும். அப்படியும் வலி தீரவில்லை, அன்றாட வேலை தடைப்படுகிறது என்று தாளில் இருக்க வேண்டும். இருந்தால்தான் ஜெல் ஊசிக்குப் பணம். சில கம்பெனிகள் அப்போதும் தருவதில்லை. இந்த ஊசி எல்லாருக்கும் பலன் தருமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அண்ணனின் பழைய ஆபீஸ் எடுத்துக் கொடுத்த பாலிசியில் இதற்கு இடம் இருக்கிறது, பார்த்துவிட்டேன். தாளில் வலி இல்லாததுதான் பிரச்சினை.

பின்சந்தில் உங்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அம்மா தூங்கும் மதிய நேரம். பின்னால் பிடித்திருக்கிறேன், பிடித்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே நான் கையை விட்டுவிட்டேன். சந்து முனை வரை தனியாக ஓட்டிப் போனீர்கள். திரும்பிப் பார்த்து, நான் எங்கேயோ தூரத்தில் நிற்பதைக் கண்டதும்தான் விழுந்தீர்கள். ஓடி வந்து "வலிக்குதா அண்ணி?" என்றேன். "ஒண்ணுமே இல்ல, கடவுள் காப்பாத்திட்டார்" என்றீர்கள். ரத்தம் செருப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இதே வலது முட்டி. கண்ணால் பார்த்துக்கொண்டே நீங்கள் சொன்னதை நம்பினேன். நீங்கள் எதைச் சொன்னாலும் அப்படியே நம்புவது என் வழக்கம். அதனால் பின்னாளில் எனக்கு என்ன ஆனது என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். எதையெல்லாம் செய்ய முடியவில்லை? எப்போதிலிருந்து? முதன்முதலில் படி ஏற முடியாமல் நின்றது எந்த நாள்? மரியாதைக்குச் சொல்லும் பதில் வேண்டாம்.

ரேடியோ


ஏப்ரல் 2

அன்புள்ள ரேடியோவுக்கு,

கடவுள் அருளால் என்று தொடங்கினேன், உனக்குப் பயந்து நிறுத்திவிட்டேன்.

நீ திட்டியது நியாயம். என் பக்கத்தையும் கொஞ்சம் கேள். காலையில் விழித்தால் கண் தெரிகிறது, காது கேட்கிறது, அடுப்பு பற்றுகிறது, பக்கத்தில் உன் அண்ணன் குறட்டை விடுகிறார். இத்தனையும் வரவில் வைத்துக்கொண்டு, முட்டி வலிக்கிறது என்று கடவுளிடமே போய் முறையிட்டால், கொடுத்ததை எல்லாம் மறந்துவிட்ட மாதிரி ஆகாதா? யார் "எப்படி இருக்கீங்க" என்றாலும் மேலே இருப்பவர் கேட்பது போலத்தான் என் காதில் விழுகிறது. டாக்டர் கேட்டாலும் அப்படித்தான். ஆஸ்பத்திரி வாசல் காவல்காரர் கேட்டாலும் அப்படித்தான்.

சரி, கேட்டுவிட்டாய்.

குளியலறையில் குனிந்து வாளியை எடுத்தால் நிமிர முடியவில்லை. கீழ் அலமாரியில் இருந்த பாத்திரங்களை எல்லாம் மேலே ஏற்றிவிட்டோம். மேலே இருந்தவை எங்கே போயின என்று கேட்காதே, கட்டிலுக்கு அடியில். மொட்டைமாடியில் துணி காயப்போட உன் அண்ணன்தான் போகிறார். ஒரு காலுறைக்கு இரண்டு கிளிப் மாட்டுகிறார், சொன்னால் "காத்து அடிக்குதுல்ல" என்கிறார். பஸ் படி எனக்கு எட்டுவதற்குள் விசில் ஊதிவிடுகிறார்கள். தையல் மிஷின்மேல் துணி விரித்து மருந்துப் பாட்டில்களை வைத்திருக்கிறேன்.

மண்டியிட முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துதான் பிரார்த்தனை. "அவர் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டார்" என்று உன் அண்ணன் சொல்கிறார். அவர் நினைக்க மாட்டார். எனக்குத்தான், எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேரம் பேசுகிற மாதிரி இருக்கிறது. ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது மண்டியிட்டுப் பார்த்தேன். இறங்கிவிட்டேன், எழ முடியவில்லை. உன் அண்ணன் வரும் வரை அப்படியே இருந்தேன். "இன்னிக்கு ரொம்ப நேரம் போலிருக்கே" என்றார். ஆமாம் என்றேன்.

படியில் நின்ற முதல் நாளைக் கேட்டிருக்கிறாய். அதைத் தள்ளிப்போடத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நீ உன் சம்பளத்தில் வீடு வாங்கி எங்களைக் கூப்பிட்டாயே, அந்த நாள்தான். உன் அண்ணன் மட்டும் மேலே வந்து "அவளுக்கு வீட்டுல வேலை" என்று சொன்னார். வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. நான் வீட்டிலேயே இல்லை. உன் கட்டடத்துக்குக் கீழேதான் இருந்தேன்.

ரயிலிலேயே கால் பிடித்துக்கொண்டது. உன் முதல் படியில் வலது காலை வைத்தேன், உடம்பைத் தூக்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். மேலே மூன்று மாடி. "அவ சந்தோஷமா இருக்கிற நாள். முட்டின்னு சொன்னா வந்தவங்களை எல்லாம் விட்டுட்டு இறங்கி வந்துடுவா. வேலைன்னு சொல்லிடுங்க" என்று உன் அண்ணனை அனுப்பிவைத்தேன். எதிரே சாவி வெட்டுகிற கடை இருக்கிறதே, அந்த ஆள் ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டார். அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நீ பால்கனிக்கு வந்து அண்ணனுக்குக் கை அசைத்தாய். மஞ்சள் உடுத்தியிருந்தாய். கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாய். தொங்குகிற சாவிகளுக்குப் பின்னால் நான் தலையைக் குனிந்துகொண்டேன். முந்தின வாரம் நான் தைத்து அனுப்பிய நீலத் திரையை அதற்குள் ஜன்னலில் மாட்டியிருந்தாய். நீளம் சரியாக இருந்தது.

கம்பெனிக்கு எழுதும்போது இதை எல்லாம் போடாதே. தேதியை மட்டும் போடு.

அண்ணி


ஏப்ரல் 9

அண்ணி,

பால்கனிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதுகிறேன். சாவிக்கடை இங்கிருந்து தெரிகிறது. ஸ்டூலும் தெரிகிறது.

ஆறு வருஷமாக நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? கல்யாணம் வேண்டாம் என்று தனியாக வீடு வாங்கிக்கொண்டது உங்களுக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் என் வாசலை மிதிக்கவில்லை என்று. அன்று எல்லாரும் போன பிறகு அந்தத் திரையைக் கழற்றி மடித்துப் பெட்டியில் போட்டேன். உங்கள் போனை எடுப்பதை நிறுத்தினேன். வீட்டில் வேலை என்றீர்கள், நம்பினேன். சைக்கிளிலிருந்து விழுந்த அன்று நம்பிய மாதிரியே.

நீங்கள் பயந்தது சரிதான், இறங்கித்தான் வந்திருப்பேன். வந்தவர்களை எல்லாம் விட்டுவிட்டு வந்து, அந்தச் சாவிக்கடையிலேயே உட்கார்ந்து என் புது வீட்டு டீயை உங்களோடு குடித்திருப்பேன். அதில் என்ன குடி முழுகியிருக்கும்?

முட்டிக்கு வருகிறேன். பிசியோதெரபிக்கு மறுபடியும் பெயர் கொடுங்கள். முழுசாகப் போய் முடியுங்கள். எதிரே யார் நின்றாலும் எழுந்திருக்காதீர்கள். முடிந்ததும் டாக்டரிடம் போய், எனக்கு எழுதியதை அவரிடம் வாயால் சொல்லுங்கள். சாவிக்கடையைத் தவிர.

திரையை மறுபடியும் மாட்டிவிட்டேன். மடிப்புக் கோடு எத்தனை தேய்த்தும் போகவில்லை.

ரேடியோ


ஜூன் 14

அன்புள்ள ரேடியோவுக்கு,

ஒருநாளும் விடாமல் போய்ப் பிசியோதெரபியை முடித்துவிட்டேன். அந்தப் பெரியவர் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார். என்னைப் பார்த்ததும், "அன்னிக்கு நீங்க மூணே நாள்ல குணமாகிப் போயிட்டீங்கன்னு சொன்னாங்க. எனக்கு மட்டும் ஏன் ஆகலன்னு நான் எத்தனை நாள் கவலைப்பட்டேன் தெரியுமாம்மா?" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் குணமாகவே இல்லை என்று சொன்னதும் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

நேற்று டாக்டரிடம் போனோம். வழி நெடுக உன் அண்ணன் பரீட்சைக்குக் கூட்டிப் போவது போலப் பாடம் நடத்திக்கொண்டே வந்தார். உள்ளே போய் உட்கார்ந்தோம். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "எப்படி இருக்கீங்கம்மா?" என்றார்.

"கடவுள் புண்ணியத்துல நல்லா இருக்கேன் டாக்டர்."

உன் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். டாக்டர் தட்ட ஆரம்பித்துவிட்டார். அந்த டக் டக் சத்தம் காதில் விழுந்ததும்தான் எனக்கு உறைத்தது.

"இருங்க டாக்டர், அதை எழுதாதீங்க."

"ஏம்மா?"

"அது கடவுளுக்குச் சொன்ன பதில். உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேற."

இத்தனை நாளில் முதல் தடவையாக அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "சொல்லுங்க" என்றார்.

"வலிக்குது."

அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு வியர்த்துவிட்டது. அதற்கப்புறம் நிற்கவில்லை. வாளி, மொட்டைமாடி, பஸ், மிஷின் எல்லாம் வந்தது. மண்டியிட்டு எழ முடியாமல் கிடந்ததைச் சொன்னபோது உன் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கும் அது அப்போதுதான் தெரியும்.

"இதை ஏம்மா இத்தனை நாளா சொல்லல?" என்றார் டாக்டர்.

"நீங்க எப்படி இருக்கீங்கன்னுதான் கேட்டீங்க. என்ன முடியலன்னு கேட்கலையே."

"சரி, இனிமே அப்படியே கேக்குறேன்."

"வேணாம் டாக்டர், அப்புறம் என்னைப் பத்தியும் ஆரம்பிச்சுடுவா" என்றார் உன் அண்ணன்.

திரும்பி வரும்போது நம் பழைய வீட்டுத் தெரு வழியாக ஆட்டோவை விடச் சொன்னேன். கீழே இருந்த அச்சகம் இப்போது போன் ரிப்பேர் கடை. மாடிப்படி அப்படியே இருக்கிறது. நீ சறுக்கி இறங்கி மெருகேற்றிய கைப்பிடி இன்னும் பளபளக்கிறது. அத்தை இல்லாத நேரம் பார்த்து நாம் இருவரும் யார் முதலில் மேலே போவது என்று ஓடுவோமே! ஒருநாள் அவர் சீக்கிரமே வந்துவிட்டார். "இந்த வீட்டுல யாரு குதிரை வளர்க்கிறது?" என்று கீழேயிருந்து கேட்டார். நீ என்னைக் காட்டினாய், நான் உன்னைக் காட்டினேன். அந்தப் படியைப் பார்த்துக்கொண்டே ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கால்கள் என்னுடையவைதான் என்று எனக்கே நம்ப முடியவில்லை.

எங்களைப் பார்க்கக் கிளம்பி வருவதாக அண்ணனிடம் சொன்னாயாமே. வராதே. பாக்கி என்னுடையது. உன் படியில் ஏறி வந்துதான் உன்னைப் பார்ப்பேன்.

அண்ணி


ஜூலை 6

அன்புள்ள அண்ணி,

டாக்டரின் புதுக் குறிப்பு வந்தது. அதையும் பிசியோதெரபித் தாளையும் வைத்து மேல்முறையீட்டை எழுதி அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் போடட்டும். ஆபீஸில் இருந்த நாளில் இந்த மாதிரித் தாள்கள் என் மேசையில் மலைபோலக் குவிந்திருக்கும். "படி ஏற இயலவில்லை" என்று படித்தால் ஒரு முத்திரை குத்திவிட்டு அடுத்ததை எடுப்பேன். அந்தப் படி யாருடைய வீட்டுப் படி என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

நிறைய ஆசை வைக்காதீர்கள். கம்பெனி மறுபடியும் மறுக்கலாம். கொடுத்தாலும் ஊசி சிலருக்குச் சில மாதம் கேட்கும், சிலருக்குக் கேட்காது. அண்ணன் என்னவோ நீங்கள் அடுத்த மாதமே சைக்கிள் ஓட்டப் போகிற மாதிரி பேசுகிறார்.

குதிரை விஷயத்தில் ஒரு திருத்தம். அம்மாவிடம் முதலில் கையைக் காட்டியது நீங்கள்தான். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கோபித்துக்கொண்டிருந்த ஆறு வருஷமும், நல்ல கதை எது படித்தாலும் உரக்க வாசிக்கத்தான் வாய் வந்தது. கேட்க ஆள் இல்லை. மிஷின் சத்தம் இல்லாமல் கதையில் வேகமே இல்லை.

ரேடியோ


செப்டம்பர் 20

அன்புள்ள ரேடியோவுக்கு,

கம்பெனிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். ஆனால் வலது முட்டிக்கு மட்டும். "இடது முழங்காலைப் பொறுத்தவரை சிரமம் போதிய அளவு பதிவாகவில்லை" என்று எழுதியிருந்தார்கள். உன் அண்ணன் என்னை முறைத்தார். "இடதைப் பத்தி டாக்டர்கிட்ட என்ன சொன்னே?" என்றார். ஒரே நாளில் இரண்டைப் பற்றியும் குறை சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. வலதைப் பற்றி அவ்வளவு சொன்ன பிறகு, இடது பரவாயில்லை என்று சொல்லிவைத்தேன். நீ இதற்கும் திட்டுவாய். திட்டு.

ஊசி போட்டுப் பல நாள் ஆகிறது. என்ன ஆகிறதென்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். அன்று முட்டியைத் துடைத்த நர்ஸ், "இது என்னம்மா இவ்வளவு பழைய தழும்பு?" என்று கேட்டாள்.

"சைக்கிள்ல இருந்து விழுந்தது."

"அட, சைக்கிள் ஓட்டுவீங்களா?"

"சந்து முனை வரைக்கும்."

டாக்டர் ஊசியை எடுத்துக்கொண்டு வந்தார். "வலிச்சா சொல்லுங்கம்மா" என்றார். நீ சொல்லிக்கொடுத்த பாடத்தை மறக்கக் கூடாது என்று, "வலிக்குது டாக்டர்" என்றேன். "இன்னும் குத்தவே இல்லையே" என்றார். நர்ஸ் சிரித்த சிரிப்பில் குத்தியதே தெரியவில்லை.

இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஏமாந்துவிட்டோம் என்று நினைத்தேன். அப்புறம் ஒருநாள் காலையில் பால் பாத்திரத்தை எடுக்கக் குனிந்து, எடுத்து, நிமிர்ந்து, நடந்து போன பிறகுதான் குனிந்ததே ஞாபகம் வந்தது. போன வெள்ளிக்கிழமை மண்டியிட்டேன். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நானாகவே எழுந்தேன். கதவருகே உன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

மருந்துப் பாட்டில்களை மிஷின்மேலிருந்து எடுத்துவிட்டேன். மிதி சிக்கிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் போட அடியில் தவழ ஆள் வேண்டும்.

அடுத்த மாதம் உன் வீட்டுக்கு வருகிறோம். எந்த நாள் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் ஸ்டேஷனுக்கு வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போவாய்.

அண்ணி


செப்டம்பர் 28

அன்புள்ள அண்ணி,

திட்டவில்லை. இடது முட்டிக்குத் தனியாக ஒரு மேல்முறையீடு எழுதுவேன். டாக்டரிடம் போகும்போது இந்தத் தடவை இடதை முதலில் சொல்லுங்கள்.

கட்டடத்தில் லிஃப்ட் இன்னும் வரவில்லை, ஒவ்வொரு கூட்டத்திலும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். படிக்கட்டில் விளக்கை மாற்ற வைத்துவிட்டேன். சாவிக்கடைக்காரரிடம் என் போன் நம்பரைக் கொடுத்துவைத்திருக்கிறேன். உங்களை அவருக்கு ஞாபகம் இருக்கிறது. "சாவி எதுவும் வாங்காம உட்கார்ந்து, அந்த ஜன்னலையே பார்த்துக்கிட்டு இருந்த அம்மாதானே?" என்றார்.

ஆச்சரியப்படுத்தித்தான் தீருவீர்கள் என்றால் சரி, வாருங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். ஏற முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லுங்கள். திரும்பிப் போய்விடாதீர்கள்.

கதை ஒன்று எடுத்துவைத்திருக்கிறேன். முதல் அத்தியாயத்திலேயே ஒருத்தி வீட்டை விட்டு ஓடிப்போகிறாள்.

ரேடியோ


அக்டோபர் 11
உன் கட்டடம், இரண்டாம் மாடி

ரேடியோ,

இந்த மாடியில் குடியிருக்கும் டீச்சரம்மாவிடம் தாளும் பேனாவும் கேட்டு வாங்கி எழுதுகிறேன். அவரே மேலே வந்து இதை உன்னிடம் தருவார். உன் அண்ணன் பைகளை வைத்துக்கொண்டு சாவிக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். கூட வர வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

இரண்டு மாடி ஏறிவிட்டேன். வலது முட்டி சொன்ன பேச்சைக் கேட்டது, இன்னும் ஏறலாம் என்கிறது. இடது முட்டிதான் மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. அதற்கு அனுமதி வரவில்லையே. நீ யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருப்பது இங்கே வரை கேட்கிறது. அத்தை இருந்திருந்தால் நிறுத்தச் சொல்லியிருப்பார்.

கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறேன். அது அவருக்கு.

உனக்கு: வலிக்குது. இறங்கி வா.

அண்ணி